‘ஆம்’ போடச் சொன்ன மேடம்

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தி மூணு வருஷமா இதே பொழப்பு. நடுவுல மாட்டிக்கிட்டவங்க உள்ள இருந்து என்னென்ன கத்துவாங்கன்னு எனக்கு மனப்பாடம். கடவுளக் கூப்பிடுவாங்க, கம்பெனிக்காரனத் திட்டுவாங்க, ஒருத்தர் வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டு பீரோ சாவி எங்க இருக்குன்னு அழுதுக்கிட்டே சொல்லியிருக்கார். ஆனா சுகாதார மையத்துல ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னப்ப நான் கேட்டேன் பாருங்க ஒரு பேச்சு, அந்த மாதிரி அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.

"இப்ப உனக்கு என்ன தோணுது?"ன்னு ஒரு பொம்பளக் குரல்.

"செத்துடுவோம்." இது ஒரு பையன். குரல் உடையற வயசு.

"ஆம் போட்டுச் சொல்லு."

"செத்துடுவோமாம்."

"யாரு சொன்னா?"

"லிஃப்ட் சொல்லுச்சு."

"லிஃப்ட் என்ன டாக்டரா?"

பையன் பக்குன்னு சிரிச்சுட்டான். நான் கதவுச் சாவியக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். சரிதான், உள்ள ரெண்டு பேருக்கும் மறை கழண்டுடுச்சுன்னு நெனச்சேன்.

கதவைத் திறந்தா, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், குள்ளமா, தோள்ல பெரிய பையோட ஒரு அம்மா. "ரொம்ப நன்றி தம்பி, எங்க ரூமுக்கு வெளியில ஆள் போய்க்கிட்டே இருப்பாங்க. இங்க நாப்பது நிமிஷம் நிம்மதியா பேசினோம்"னாங்க. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நான் வேர்த்து விறுவிறுத்து மாடி மாடியா ஓடிட்டு வந்திருக்கேன், இவங்களுக்குக் கிண்டலா? "ஆறு பேர் ஏறற லிஃப்ட்ல இரும்பு அலமாரியை ஏத்தினா நிக்கத்தான் செய்யும்"னு வெடுக்குன்னு சொன்னேன். முந்தின நாள் அலமாரிய ஏத்தினது வேற யாரோ. அவங்க அதச் சொல்லல. "கோபம் இப்ப நூத்துக்கு எவ்வளவு இருக்கு தம்பி?"ன்னு கேட்டாங்க. டெம்பரேச்சர் கேக்கற மாதிரி.

"எண்பது"ன்னு என் வாயில வந்துடுச்சு. ஏன் பதில் சொன்னேன்னு எனக்கே தெரியல.

"அவங்கதாங்க ‘அப்படியாம் மேடம்’"னு வாட்ச்மேன் கீழ சொன்னார். மனசு சரியில்லாத பிள்ளைங்களோட பேசறவங்க. எல்லாம் பன்னெண்டு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும். அந்தப் பேரு வெச்சது அதுங்கதான்.

அந்த ‘ஆம்’ என்னன்னு சொல்லிடறேன். நாம தினம் போடறதுதான். மழை வருதாம், அவருக்கு வேலை போச்சாம், அந்த வீட்டுப் பொண்ணு யாரோடயும் பேசறதில்லையாம். கண்ணால பாக்காம காதுல விழுந்ததுக்கு நாம வைக்கிற வாலு. பிள்ளைங்க "நான் உதவாக்கரை"ன்னு வந்து உக்காந்தா, இந்த மேடம் "ஆம் போட்டுச் சொல்லு"ம்பாங்க. "நான் உதவாக்கரையாம்." அவ்வளவுதான். உண்மைன்னு நெனச்சு வயித்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்சது, சட்டுன்னு யாரோ கிளப்பிவிட்ட பேச்சு மாதிரி ஆயிடும். அப்புறம் யாரு சொன்னா, என்ன ஆதாரம்னு ஒண்ணொண்ணா விசாரிப்பாங்க. நெனப்பு மாறினா உணர்ச்சி மாறும், உணர்ச்சி மாறினா நடந்துக்கறது மாறும்னு ஒரு வைத்திய முறை இருக்காம். சி.பி.டி.ன்னு மூணு எழுத்துல சொல்றாங்க. மத்ததெல்லாம் படிப்புல வந்தது, ‘ஆம்’ மட்டும் அவங்களோட சொந்தச் சரக்கு.

இதெல்லாம் அன்னிக்கு எனக்கு எதுக்குத் தெரியணும்? தெரிய வேண்டிய நாள் எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பாப்பான்னுதான் கூப்பிடறது, பதினஞ்சு வயசாகியும். வகுப்புல எழுந்து பாடம் படிக்கும்போது ஒளிச்சேர்க்கைங்கறத ஒலிச்சேர்க்கைன்னு படிச்சுட்டா. "செடி என்ன பாட்டா பாடுது?"ன்னு டீச்சர் சும்மா விளையாட்டுக்குக் கேட்டாங்க. வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. மறுநாள்லேர்ந்து அவளுக்கு ஒலிச்சேர்க்கைன்னே பேரு. மொதல்ல வகுப்புல பேசறத நிறுத்தினா. அப்புறம் காலையில ஆனா வயித்து வலி. அப்புறம் பள்ளிக்கூடமே இல்ல. சாப்பாட்டுத் தட்டை ரூமுக்குள்ள வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திக்குவா.

நான் என்ன பண்ணேன்? கத்தினேன். கெஞ்சினேன். திரும்பவும் கத்தினேன். ஒரு நாள் அந்த ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன், என்கிட்டதான் ஸ்க்ரூடிரைவர் இருக்கே. அன்னிக்கு அவ பாத்த பார்வைய நான் இன்னும் மறக்கல. என் வீட்டுக்காரி தாழ்ப்பாளைக் கையில குடுத்து, "திரும்ப மாட்டுங்க"ன்னா. மாட்டினேன்.

ஏழு வாரம் போச்சு. தலைமை ஆசிரியர் கூப்பிட்டுத் தன்மையாத்தான் சொன்னார். "அடுத்த மாசக் கடைசியில வாய்மொழித் தேர்வு. ஒரு பத்தி படிச்சுக் காட்டணும், மூணு கேள்விக்கு வகுப்பு முன்னாடி நின்னு பதில் சொல்லணும். அதுக்கு வரலைன்னா இந்த வருஷம் போச்சுங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது." வெளியில வந்து வண்டியில உக்காந்தேன். ஒரு வருஷம் போனா அவ திரும்ப அந்தக் கதவைத் திறக்கவே மாட்டான்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்பதான் லிஃப்டுக்குள்ள கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்துச்சு.

சுகாதார மையத்துக்குப் போய் விஷயத்தச் சொன்னேன், மேடம் எங்க வீட்டுக்கே வந்தாங்க. பாப்பா ரூம் கதவைத் திறக்கல. மேடம் கதவுக்கு வெளியில தரையில உக்காந்து, பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்து, கதவுக்குக் கீழ தள்ளினாங்க. "நடுவுல ஒரு கோடு போட்டிருக்கேன். ஒரு பக்கம் ‘நெனச்சது’, இன்னொரு பக்கம் ‘நடந்தது’. இப்ப நான் கதவை உடைப்பேன்னு நெனச்சிருப்பே. எழுது. பத்து நிமிஷத்துல என்ன நடந்ததுன்னும் எழுது"ன்னாங்க. பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்துட்டு எழுந்து போயிட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இதுக்கா ஒருத்தர் படிச்சு பட்டம் வாங்கணும்? ஆனா அடுத்த வாரம் பாப்பா அவ அம்மா கையப் புடிச்சுக்கிட்டு சுகாதார மையத்துக்கு வந்தா. லிஃப்ட்ல ஏறல, படியிலதான். வந்தாளே, அது போதும்.

அவங்க ரூம் மூணாவது மாடிக் கடைசியில. ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, ஆடாம இருக்க மடிச்ச அட்டைய முட்டுக் குடுத்த அலமாரி. பிள்ளைங்க பேசும்போது மேடம் எதையும் எழுத மாட்டாங்க. ஆனா விரல் பத்தும் மடியில தட்டிக்கிட்டே இருக்கும். பாப்பா வந்து "மேடம் கண்ணுக்குத் தெரியாத டைப்ரைட்டர்ல அடிக்கிறாங்கம்மா"ன்னு சொன்னா. அது நெசம்தான். அந்தக் கதைய எனக்குச் சொன்னது அவங்க வீட்டுக்காரர்.

அவர் கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். சாயங்காலம் மேடத்தைக் கூட்டிட்டுப் போக வந்து, வெளி பெஞ்சுல என் பக்கத்துல உக்காருவார். வாயத் தொறந்தா மூடவே மாட்டார். "நான் கண்ணுக்குப் பவர் பாக்கறேன், அவ நெனப்புக்குப் பவர் பாக்கறா. என் கடையில கூட்டம், அவ ரூம்ல அதைவிடக் கூட்டம்"பார்.

மேடம் பதினோரு வருஷம் கோர்ட்ல டைப்பிஸ்டா இருந்திருக்காங்க. சாட்சி சொல்றதையெல்லாம் அடிக்கிற வேலை. "‘அவர் சொன்னதா இவர் சொன்னார்’னா அது சாட்சியம் ஆகாது, சொன்னவரே கூண்டுல ஏறணும்"னு வக்கீலுங்க தினம் எழுந்து கத்தறத அடிச்சு அடிச்சே விரல் தேஞ்சிருக்கு. ஒரு நாள் விடுதியிலேர்ந்து ஓடிப்போன பதினாறு வயசுப் பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாங்களாம். ஜட்ஜ் பேரு கேட்டார். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டு "ஓடுகாலி"ன்னிருக்கு. கிண்டலுக்கு இல்ல. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க, அதான் சொல்லியிருக்கு. இவங்க விரலும் பழக்கத்துல அத அடிச்சுடுச்சு. "அத எடுத்துடுங்கம்மா"ன்னு ஜட்ஜ் சொன்னார், எடுத்துட்டாங்க.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல. பேப்பர்லேர்ந்து எடுத்துட்டேன், அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து யாரு எடுப்பாங்கன்னு கேட்டா. என்கிட்ட எங்க பதில் இருக்கு? நான் கண்ணாடிக் கடைக்காரன்"னார் அவர். முப்பத்தி நாலு வயசுல மேடம் திரும்பப் படிக்க ஆரம்பிச்சாங்க. புள்ளியியல்ல ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை பாஸானப்ப கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் இவர் மிட்டாய் குடுத்தாராம். கோர்ட் வேலைய விட்டுட்டு, அதைவிடக் கம்மிச் சம்பளத்துக்கு இங்க வந்தாங்க. பதினாறு வருஷமாச்சு.

பாப்பாவுக்குக் குடுத்த வேலையெல்லாம் கேட்டா நீங்க சிரிப்பீங்க. மொத வாரம், பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பணும். ரெண்டாவது வாரம், எழுதுபொருள் கடையில போய் "வட்டமான ஸ்கேல் இருக்கா?"ன்னு கேக்கணும். வேணும்னே ஒரு அசட்டுக் கேள்வி. ‘நெனச்சது’ பக்கத்துல பாப்பா, "கடைக்காரர் சிரிப்பார், நிக்கிற எல்லாரும் சிரிப்பாங்க, பயம் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு"ன்னு எழுதினா. நான் கூடப் போனேன், தள்ளி நின்னேன். இவ குரல் எனக்கே கேக்கல. கடைக்காரர் தலையத் தூக்கல. "தீர்ந்து போச்சு, திங்கக்கிழமை வரும்"னார்!

ரோடு திரும்பினதும் ரெண்டு பேரும் சுவத்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சோம். பத்து வாரத்துல அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். மேடத்துக்கு மனசுக்குள்ளயே ஒரு கும்பிடு போட்டேன்.

அதுக்கப்புறம்தான் வந்துச்சு வினை. தேர்வுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. பாப்பா எதை எடுத்தாலும் ஆம் போட ஆரம்பிச்சுட்டா. "நல்லாத் தேறிட்டேடி"ன்னு அவ அம்மா சொன்னா, உதட்டைச் சுழிச்சுக்கிட்டு "தேறிட்டேனாம்." "உன்னை இப்படிப் பாத்தா அப்பாவுக்கு சந்தோஷம்"னா, "சந்தோஷமாம்." தோழி ஒருத்தி போன் பண்ணி எப்ப வருவேன்னு கேட்டா, போனை வெச்சுட்டு "என்னைத் தேடுதாம்." வதந்திக்குப் போடற அதே ஆம், நக்கலுக்கும் நாம போடறதுதானே! கெட்ட நெனப்பைத் தள்ளக் குடுத்த தடிய வெச்சு, நல்லதையெல்லாம் அடிச்சு விரட்டிட்டா. நாலாவது நாள் திரும்பவும் கதவைச் சாத்திக்கிட்டா.

நேரா மேடம்கிட்ட போனேன். "உங்க ஆம்ல என் வீடு நாசமாப் போச்சு. இருந்த பொண்ணும் இப்ப இல்ல"ன்னு ரூம் அதிரக் கத்தினேன். என் கோபம் நூத்துக்கு நூத்தி இருபது. மேடம் விரல் தட்டறத நிறுத்திட்டாங்க. அப்புறம், "தப்பு என்னுது"ன்னாங்க.

நான் சண்டைக்குத் தயாரா வந்தவன். எதிர்ல ஆளே இல்லாத மாதிரி ஆயிடுச்சு.

"ஆம் போடக் கத்துக் குடுத்தேன், எங்க போடக் கூடாதுன்னு கத்துக் குடுக்கல. பதினாறு வருஷத்துல இத ஒரு பிள்ளையும் எனக்குக் காட்டல, உங்க பொண்ணு காட்டிட்டா. வாங்க, அவகிட்டயே சொல்லணும்."

வந்தாங்க. சாத்தின கதவுகிட்ட நின்னு, "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்மா. மன்னிச்சுக்கோ"ன்னாங்க. பெரியவங்க ஒருத்தர் பதினஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட, சாக்குப் போக்கு சொல்லாம, இப்படிக் கேட்டு நான் என் ஆயுசுல பாத்ததில்ல. கதவு திறந்துச்சு.

"கண்ணால பாத்ததுக்கு ஆம் கிடையாது. கடைக்காரர் சிரிக்கல. நீ பாத்தே. அதுக்கு ஆம் போடுவியா?"

"மாட்டேன்."

"தோழி போன் பண்ணா. உன் காதால கேட்டே."

"...மாட்டேன்."

"அப்ப மிச்சம் இருக்கறதுக்கெல்லாம் பக்கத்துல ஒண்ணு எழுதணும். மொதல்ல சொன்னது யாரு? பேரு வேணும். பேரு தெரியாத சாட்சிய நான் ஏத்துக்க மாட்டேன்."

நோட்டுல ‘சொன்னது’ன்னு இன்னொரு கோடு விழுந்துச்சு. மூணு நாள் கழிச்சு எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குள்ள கூப்பிட்டாங்க. நோட்டு மேசை மேல திறந்திருந்துச்சு. "என்னால முடியாதாம்." சொன்னது: நானே. "எல்லாரும் சிரிப்பாங்களாம்." சொன்னது: நானே. மூணாவது வரி, "நான் வாயத் தொறந்தாலே மானம் போகுமாம்." பக்கத்துல எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி, அடிச்சிருந்தா.

"அத நீயே சொல்றியாம்மா?"ன்னு மேடம் கேட்டாங்க.

பாப்பா தரையப் பாத்துக்கிட்டே, "அப்பா"ன்னா.

என்னைக் கூப்பிடறான்னு நெனச்சு "என்னம்மா?"ன்னேன். அவ விரல் நோட்டுல அந்த மூணாவது வரி மேல இருந்துச்சு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

"நானா? நான் எப்ப..." வாய் குழறுது. என் வீட்டுக்காரி மெதுவா, "உங்க சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தப்பங்க"ன்னா. அடக் கடவுளே. பாப்பாவுக்கு அப்ப பத்து வயசு. சூப்பர்வைசர் கன்னத்தைத் தட்டி, "அப்பா என்னப் பத்தி என்ன சொல்லுவார்?"னு கேட்டார். இவ பளிச்சுன்னு, "உங்களுக்கு மண்டைக்கனம்னு சொல்லுவார்"னுட்டா. அவர் சிரிச்சுட்டுத்தான் போனார். நான்தான் அவர் போனதும், "நீ வாயத் தொறந்தாலே மானம் போகுது"ன்னு கத்தினேன். அதோட விட்டேனா? வர்ற சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் இத ஒரு ஜோக்கா சொல்லி, கடைசியில அந்த வரியையும் சேத்துச் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. நடுவுல நின்னு பாப்பாவும் சிரிப்பா. அஞ்சு வருஷம்! நான் மறந்தே போயிட்டேன். அவ அத வெச்சுக்கிட்டே வளந்திருக்கா.

மேடம் என்னைத் திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "சாட்சி வந்தாச்சு. கேக்க வேண்டியத நீதான் கேக்கணும்"னு பாப்பாகிட்ட சொல்லிட்டுப் பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டாங்க.

பாப்பா தலையத் தூக்கினா. "அப்பா, நான் வாயத் தொறந்தா நெசமாவே உனக்கு மானம் போகுதா?"

"இல்லம்மா. அன்னிக்கு மானம் போனது என் வாயாலதான். அந்தாளப் பத்தி முதுகுக்குப் பின்னாடி பேசினது நான். நீ பேசினது உண்மை. வெக்கம் எனக்கு, பழிய உன் மேல போட்டுட்டேன். தப்புடா. தப்பு." இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் அழுதுட்டேன். பாப்பா நோட்டை இழுத்து, அடிச்ச இடத்துல எழுதினா. சொன்னது: அப்பா. அதுக்குக் கீழயே: இல்லைன்னு சொன்னதும் அப்பா. ரெண்டையும் நேர்ல கேட்டேன்.

நான் அன்னிக்கே எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன். மேடம் வாசல் வரைக்கும் வந்து, "இனிமே விழுந்து விழுந்து பாராட்டாதீங்க, அவ நம்ப மாட்டா. பேசினா கேளுங்க, அது போதும். தேர்வுல திக்கினாலும் திக்கட்டும்"னாங்க. "திக்காம இருக்க ஏதாவது சொல்லிக் குடுங்களேன் மேடம்"னு கெஞ்சினேன். "திக்கினா செத்துட மாட்டோம்னு அவ பாக்கணும் தம்பி. அதான் மருந்தே"ன்னாங்க. மிச்சம் இருந்த நாள்ல பாப்பா ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட கேட் வரைக்கும் போனா, அடுத்த நாள் நூலகம் வரைக்கும், அதுக்கடுத்து ஒரு மணி நேரம் வகுப்புல கடைசி பெஞ்சுல.

தேர்வு அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு பள்ளிக்கூட மதிலுக்கு வெளியில நின்னேன். பத்து மணிக்கு உள்ள போனவ பதினொண்ணரைக்கு வந்தா. முகத்துல ஒண்ணும் தெரியல. வந்ததும் என் போனை வாங்கி மேடத்துக்கு அடிச்சா. அந்தப் பக்கம் அவங்க குரல் எனக்கும் கேட்டுச்சு. நல்லா பண்ணியான்னு கேக்கல. "எத்தனை பேர் சிரிச்சாங்க?"ன்னாங்க.

"ரெண்டு பேர் மேடம். ரெண்டாவது கேள்வியில நின்னு போச்சு. அப்ப சிரிச்சாங்க. நான் ஒரு நிமிஷம் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க. அப்புறம் சொன்னேன்."

"மத்தவங்க?"

"முப்பத்தி ஒரு பேர் சிரிக்கல. எண்ணினேன்."

போனை நான் வாங்கினேன். எத்தனையோ சொல்லணும்னு வெச்சிருந்தேன். "மேடம், என் பொண்ணத் திருப்பிக் குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்"ங்கறதுக்கு மேல வரல. "அவ நடந்து வந்தா தம்பி, நான் கூட வந்தேன். அடுத்த பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு"ன்னு வெச்சுட்டாங்க. அந்த நிமிஷம் இன்னொரு வீட்டுக் கதவைத் திறக்க உக்காந்துட்டாங்க. அப்படி ஒருத்தர் இந்த ஊர்ல இருக்காங்கங்கறதுக்கு நான் தினம் நன்றி சொல்றேன், வெக்கப்படாமச் சொல்றேன்.

வண்டியில ஏறினதும் பாப்பா பேச ஆரம்பிச்சா. மொதல்ல சிரிச்சது யாரு, ரெண்டாவது சிரிச்சது யாரு, கேள்வி கேட்ட டீச்சர் மூக்குக் கண்ணாடியை எப்படி ஏத்தினாங்க, பக்கத்துப் பொண்ணுக்கும் கை நடுங்குச்சு, மூணாவது கேள்வி பாடத்துலயே இல்லாதது, அது அநியாயம் இல்லையா, அப்பா கேக்கறியா? கேக்கறேன்மா. மூணு மாசத்துப் பேச்சையும் ஒண்ணாக் கொட்டறா. எங்க தெரு வந்துச்சு. வீட்டு வாசல்ல அவ அம்மா நிக்கறது தெரிஞ்சுது. வண்டிய நிறுத்தினா இவ பேச்ச நிறுத்திடுவாளோன்னு எனக்கு பயம். நான் கைய ஆட்டிட்டு, வீட்டைத் தாண்டி நேரா ஓட்டிக்கிட்டே போனேன்.